பிரம்பு பின்னிய பதினைந்தாம் லூயி

பழைய மர நாற்காலி ஒன்றைப் புதுப்பிக்கத் தச்சுப் பட்டறையில் கொடுத்தால், மெலமைன் அடிப்பதா பிரெஞ்சு பாலிஷ் போடுவதா என்று கேட்பார்கள். அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கரைத்து, துணிக்குள் பஞ்சை முடிந்து, அதில் தொட்டுத் தொட்டு மரத்தின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்து ஏற்றுகிற மினுமினுப்புக்குத்தான் பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர். பெயர் மட்டும்தான் பிரெஞ்சு. அந்த அரக்கு, ஜார்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் புரச மரக் கிளையில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சிறு பூச்சி சுரந்தது. கப்பலேறி ஐரோப்பா போய், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள தச்சர்களின் கைத்திறனோடு சேர்ந்து புதுப்பெயர் சூடிக்கொண்டு, அந்தப் பெயரோடு நம் ஊர்ப் பட்டறைக்கே திரும்பிவிட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாணி மரச்சாமான் என்று எதைச் சொல்கிறோமோ அது எல்லாமே கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போய் வந்திருக்கிறது. இந்தப் போக்குவரத்தை மறந்துவிட்டு வீட்டை அலங்கரிக்கப் போகிறவர்கள்தான் பணத்தையும் இழந்து, பிரெஞ்சுத்தன்மையையும் கோட்டைவிடுகிறார்கள்.

புதுவையில் இன்று இந்த ஆசைக்குப் பஞ்சமில்லை. வெள்ளை நகரத்துப் பழைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் கஃபேக்களாகவும் மாறிவிட்டன. அங்கே ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு, லாசுப்பேட்டையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ கட்டுகிற தங்கள் வீட்டுக்கும் அந்தக் களை வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அறைக்கலன் கடைக்குப் போய் ‘பிரெஞ்சு மாடல்’ கேட்டால் கிடைப்பது வேறு: பொன் வண்ணம் பூசிய செதுக்கல், கருஞ்சிவப்பு வெல்வெட் மெத்தை, பொத்தான் வைத்து இழுத்துத் தைத்த முதுகு, அதற்கு மேலே பிளாஸ்டிக் மணி கோத்த சரவிளக்கு. கல்யாண மண்டப மேடையில் மணமக்கள் அமர்கிறார்களே, அதே ஆசனத்தின் வீட்டுப் பதிப்பு. அதைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. பளபளப்பு வேண்டுபவர் பளபளப்பை வாங்கட்டும். என் வாதம் வேறு. புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்து வீடுகளின் அழகு அந்த வகைச் சாமான்களால் வந்ததில்லை. தேக்கும் பிரம்பும் சுண்ணாம்புச் சுவரும் அடங்கிய வெளிச்சமும்தான் அந்த வீடுகள். இந்த மண்ணில் நிலைத்ததும் அவைதான். வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால், அசல் பிரெஞ்சு மரபுக்கு நெருக்கமானவையும் அவைதான்.

பிரெஞ்சு மரச்சாமான்களுக்கு அரசர்களின் பெயரைச் சூட்டுவது வழக்கம். காலத்தை அறிய நாற்காலியின் காலைப் பார்த்தாலே போதும். பதினான்காம் லூயி காலத்துக் கால்கள் கனமானவை, அரண்மனைத் தூண் மாதிரி. கால்களைக் குறுக்குச் சட்டம் பிணைத்திருக்கும். பதினைந்தாம் லூயி காலத்தில், அதாவது 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கால் வளைந்துவிடும். முழங்காலில் புடைத்து, கணுக்காலில் ஒடுங்கி, ஓடத் தயாராக நிற்கும் மானின் கால் போலிருக்கும். சிப்பியும் கொடியும் செதுக்கியிருப்பார்கள். நேர்கோடு கண்ணில் படுவதே அரிது. அடுத்து வந்த பதினாறாம் லூயி பாணியில் கால் மறுபடி நிமிர்கிறது: உருண்டு, கீழே போகப் போகக் கூராகி, நெடுக வரிப்பள்ளம் விட்ட கடைசல் கால். நெப்போலியன் காலத்து ‘எம்பயர்’ பாணி கறுத்த மகாகனி மரம், பித்தளைப் பதக்கம், சிங்கப் பாதம் என்று படைவீரன் தோரணையில் நிற்கும். 1830-க்கும் 1848-க்கும் இடையே ஆண்ட லூயி பிலிப் காலத்தில் அலங்காரமெல்லாம் உதிர்ந்து, விளிம்பு உருண்ட எளிய கருமரச் சாமான்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கு வருகின்றன. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1852-க்குப் பிறகு, எல்லாப் பழைய பாணிகளையும் திரும்ப எடுத்துக் கலந்து கட்டி அடித்தார்கள். இன்று கடைகளில் ‘லூயி’ என்று விற்கிற பொன்பூச்சு பெரும்பாலும் இந்தக் கலவையின் கலவைதான்.

இந்த வரிசையைப் புதுச்சேரியின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே புரிகிறது. பிரான்சுவா மார்த்தேன் 1674-இல் ஊன்றிய இந்த ஊர், டூப்ளே ஆளுநராக இருந்த 1742 முதல் 1754 வரையிலான காலத்தில்தான் உச்சத்தைத் தொட்டது. பாரிசில் அது பதினைந்தாம் லூயி பாணியின் பொற்காலம். ஆனால் 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கோட்டையையும் டூப்ளேயின் மாளிகையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் பழைய தெருக்கோட்டின் மேலேயே புதிதாகக் கட்டத் தொடங்கினார். அதன்பிறகும் ஊர் பலமுறை கைமாறி, 1816-இல்தான் பிரெஞ்சுக்காரர்களிடம் நிலைத்தது. ஆக, இன்று நாம் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டு வீடுகள். அவற்றுள் இருந்த சாமான்களும் பெரும்பாலும் அந்தக் காலத்தவையாகத்தான் இருக்க முடியும். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வளைந்த காலைக் காட்டி ‘இது டூப்ளே காலத்துது சார்’ என்றால், புன்னகைத்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லலாம். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் டூப்ளே படுத்த கட்டில் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவார்கள். அங்கேயே பழைய பிரெஞ்சு வீட்டின் கூடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் அறைகலன்களும், பல்லக்கும், ஆள் தள்ளிக்கொண்டு போகும் புஷ்புஷ் வண்டியும் இருக்கின்றன. கட்டிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், சுற்றியுள்ள பெயரில்லாத நாற்காலிகளை நின்று பார்ப்பது நல்லது.

அவற்றைச் செய்தவர்கள் யார்? சூயஸ் கால்வாய் 1869-இல்தான் திறந்தது. அதற்கு முன் பிரான்சிலிருந்து வரும் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு ஆறு மாதம் போல மிதந்து வர வேண்டும்; கப்பலில் மதுவுக்கும் வெள்ளிக்கும் துப்பாக்கிக்கும்தான் இடம், அலமாரிக்கு அல்ல. ஆளுநரும் பெரிய வணிகர்களும் ஒன்றிரண்டு சாமான்களை வரவழைத்திருக்கலாம். மற்றவர்களுக்கு உள்ளூர் ஆசாரியே கதி. படத்தையோ, பழைய நாற்காலியையோ முன்னால் வைத்துக்கொண்டு, தேக்கிலும் ஈட்டியிலும் பலாவிலும் அவர்கள் செய்து கொடுத்தார்கள். சோழமண்டலக் கரை முழுவதும் இப்படிச் செய்த ஐரோப்பியப் பாணிச் சாமான்களில், சிப்பி இருக்க வேண்டிய இடத்தில் தாமரை மலர்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஆசாரிக்கு ஐரோப்பியச் சாமான் அதற்குள் பழகிப் போயிருந்தது என்பதற்கு நம் மொழியே சாட்சி. மேசை, அலமாரி, ஜன்னல் மூன்றும் போர்த்துகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தவை. பிரெஞ்சுக்காரர் இங்கே காலூன்றுவதற்கு முன்பே மேசை செய்யத் தமிழ்த் தச்சருக்குத் தெரியும், மேசை என்று சொல்லவும் தெரியும். பின்னால் டச்சுக்காரரின் கைவண்ணமும் ஆங்கிலேயரின் கைவண்ணமும் அதில் ஏறின. ஆகவே ‘புதுச்சேரி பிரெஞ்சு நாற்காலி’ என்பது ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை அல்ல.

தேக்கும் பிரம்பும் வந்ததற்கு ரசனையைவிடக் கடற்காற்று பெரிய காரணம். பாரிசின் உயர்ந்த சாமான் நுட்பங்கள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, மலிவான மரத்தின் மேல் காகிதம் போலச் சீவிய விலையுயர்ந்த மரத்தகட்டை ஒட்டிச் சித்திரம் அமைப்பது. ஒட்டுவதற்கு விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிய வஜ்ஜிரம். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அது இளகி, தகடு முதலில் விளிம்பில் எழும்பும், பிறகு சுருளும். இரண்டாவது, மரத்தின் மேல் சுண்ணமாவு பூசி அதன் மேல் பொன்தாள் ஒட்டுவது. மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும்போது சுண்ணமாவுப் பூச்சு அதோடு ஒத்துப்போகாது. வெடித்துப் பொருக்கு உதிரும். மூன்றாவது, குதிரைமயிர் அடைத்துப் பட்டோ வெல்வெட்டோ போர்த்திய மெத்தை. ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாள் விடாமல் பெய்து ஜன்னலைச் சாத்தி வைத்தால், பூஞ்சை அதற்குள் குடித்தனம் வைத்துவிடும்; வியர்வையும் எலியும் தனி. உப்புக்காற்றும் அடைமழையும் மரத்தை மட்டுமா விடுகின்றன? கடற்கரைச் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டடமே, அதாவது பழைய நகராட்சி மாளிகையே, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டியது. இந்த ஊரில் ஒட்டுத்தகடும் பொன்பூச்சும் மெத்தையும் நிலைக்காது என்று எவரும் சட்டம் போடவில்லை. மழைக்காலம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டியது. எஞ்சியது முழு மரம்; மரமுளை அடித்து இறுக்கிய மூட்டு; காற்று புகுந்து வெளியேறும் பிரம்பு இருக்கை.

அப்படியானால் அது பிரெஞ்சு நாற்காலியின் ஏழை அவதாரம்தானே, அசல் இல்லையே என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பிரம்பே பதில் சொல்லும். பிரம்பு ஐரோப்பாவில் விளைவதில்லை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் டச்சு, ஆங்கிலக் கம்பெனிக் கப்பல்கள் ஆசியாவிலிருந்து கொண்டுபோன பிறகுதான் அங்கே பிரம்புப் பின்னல் பரவியது. பதினைந்தாம் லூயி காலத்துப் பாரிசில் பிரம்பு நாற்காலி உயர்ந்த வீட்டுச் சாமான். சாப்பாட்டு அறையில் குழம்பு சிந்தினால் துடைத்துவிடலாம், தலைமுடிக்கு மாவு தூவும்போது மெத்தை பாழாகாது என்று அதைத் தேர்ந்தெடுத்துச் செய்தார்கள். வேண்டும்போது மேலே மெல்லிய மெத்தையைக் கயிறு வைத்துக் கட்டிக்கொள்வார்கள். வளைந்த கால், செதுக்கிய முதுகு, நடுவே எண்கோணக் கண்ணி விட்ட பின்னல்: இது பாரிசிலும் இருந்தது, புதுச்சேரியிலும் இருந்தது. ஆகவே கூடத்தில் தேக்குச் சட்டமும் பிரம்பு இருக்கையும் உள்ள நாற்காலியைப் போட்டால் அது பிரெஞ்சின் நகலுக்கு நகல் ஆகிவிடாது. கீழை நாட்டிலிருந்து புறப்பட்ட ஒன்று கீழைக் கரைக்கே திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். பிற்காலத்திலும் இதே கூட்டணி திரும்பத் திரும்ப வென்றிருக்கிறது. 1950-களில் சண்டிகரை அமைக்க வந்த சுவிஸ் கட்டடக்கலைஞர் பியேர் ழன்னரே, அலுவலகங்களுக்குத் தேக்கும் பிரம்புமாக நாற்காலிகளை வடிவமைத்தார். பிறகு அவை பழுதாகிக் கொல்லையில் குவிந்தன. கழிவுச் சாமானாக ஏலம் போனவை பாரிஸ் ஏலக் கூடங்களில் லட்சக்கணக்கில் விலைபோயின. நாம் தூக்கிப்போட்ட பிறகுதான் நம் பிரம்புக்கு விலை தெரிகிறது.

பிரம்போடு முடிந்துவிடவில்லை. உயர்ந்த அலமாரி செய்பவருக்குப் பிரெஞ்சில் ‘எபெனிஸ்த்’ என்று பெயர்; கருங்காலிக்கு அவர்கள் வைத்த ‘எபேன்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. தென்னிந்தியாவும் இலங்கையும் அந்த மரத்தின் தாயகங்களில் சேர்த்தி. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் இழுப்பறைப் பெட்டிகளில் விலை உச்சத்தில் இருந்த ஒரு வகைக்குக் கறுப்பு அரக்குப் பலகை முகம். அதை ‘கோரமண்டல் அரக்கு’ என்றார்கள். அது சீனத்தில் செய்த மடிப்புத் திரை; சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் கப்பல் மாறிப் போனதால் நம் கரையின் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. பாரிஸ் தச்சர்கள் அந்தத் திரைகளை அறுத்துப் பெட்டியில் பதித்தார்கள். துணி விஷயத்தில் கதை இன்னும் சுவாரஸ்யம். நம் கரையில் சாயம் தோய்த்துப் பூவேலை எழுதிய பருத்தித் துணிக்கு ‘எந்தியென்’, அதாவது இந்தியத் துணி, என்று பெயர். அந்த மோகத்தில் பட்டு, கம்பளி நெசவாளர்களின் பிழைப்பு கெடுகிறது என்று 1686-இல் பிரெஞ்சு அரசு அதைத் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது; ஆனால் கள்ளக்கடத்தலும் உடன் நீடித்தது. தடை நீங்கிய மறு ஆண்டே ழூய் என்ற ஊரில் ஒபெர்காம்ப் அச்சுத்துணித் தொழிற்சாலை தொடங்கினார். ‘துவால் தெ ழூய்’ என்று இன்று பிரெஞ்சு அலங்காரத்தின் அடையாளமாக விற்கிற துணியின் பிறப்பிடம் அது. திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும் அதை ஆன்லைனில் வரவழைக்கிறவர்கள், தாத்தா வீட்டை விட்டுவிட்டுப் பேரன் வீட்டில் முகவரி கேட்கிறார்கள். நல்ல கலம்காரியோ, கைத்தறிப் பருத்தியோ வைத்தால் அது வரலாற்றுக்கு ஒத்த தேர்வு, தேசபக்திக்காகச் சொல்லவில்லை. இந்தத் துணி வணிகத்தில் புழங்கியவர்தான் டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பில் துணிப் பேரங்கள் மலிந்திருக்கும். புதுவையில் இன்றும் நிற்கும் அவர் மாளிகையின் கீழ்த்தளத்தில் தமிழ் முற்றமும் மரத்தூண்களும், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்களும். வீட்டுக்குள்ளேயே ஒரு மாடிப்படியில் இரு நாகரிகமும் ஏறி இறங்கியிருக்கிறது.

விளக்குக்கு வருவோம். பிரெஞ்சுப் பாணியில் நாம் மிகவும் தவறாகப் புரிந்துகொண்ட பகுதி இது. மிகக் குறைந்த செலவில் திருத்திக்கொள்ளக்கூடிய பகுதியும் இதுவே. நாம் லஸ்தர் விளக்கு என்கிறோமே, பிரெஞ்சில் சரவிளக்குக்கு ‘லுஸ்த்ர்’ என்றே இன்றும் பெயர். சரவிளக்கு என்றதும் கண் கூசும் ஒளிவெள்ளம் நம் நினைவுக்கு வருகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மெழுகுவத்தியின் ஒளி ஏறக்குறைய 12 லுமென். 24 மெழுகுவத்தி ஏற்றிய பெரிய சரவிளக்கு மொத்தம் ஏறக்குறைய 300 லுமென் தரும். இன்றைய 3 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றே அதைத் தந்துவிடும்! அதே வடிவத்தில் 24 எல்.இ.டி. பல்பு, ஒவ்வொன்றும் 5 வாட் என்று மாட்டினால், அரண்மனைக் கூடத்தைவிட முப்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் நம் பத்துக்குப் பன்னிரண்டு கூடத்தில் கொட்டும். அன்றைய பிரெஞ்சு ஒளியின் சூட்சுமமே பற்றாக்குறைதான். இருக்கிற சொற்ப ஒளியை எப்படிப் பெருக்குவது? படிகத் தொங்கல்கள் அதை உடைத்துச் சிதறடித்தன. பொன்பூச்சு அதை ஏந்தியது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி அதை இரட்டித்தது. வெர்சாயின் ஆடிக் கூடத்தில் 357 கண்ணாடிகள் பதித்தது வெறும் ஆடம்பரத்துக்காக இல்லை. பகலில் தோட்டத்து வெயிலும், இரவில் மெழுகுச்சுடரும் அங்கே பெருக வேண்டும். பொன்பூச்சு நாற்காலி அழகாய்த் தெரிந்ததும் அந்த அரையிருளில்தான். குழல்விளக்கின் கீழே அதே பொன் பெயின்ட் டப்பா மாதிரி தெரிவதில் வியப்பில்லை.

புதுச்சேரியில் இந்தப் பற்றாக்குறையோடு இன்னொரு பகையும் சேர்ந்தது. கடற்காற்றும், தலைக்கு மேல் ஆள் இழுத்து ஆட்டும் பங்காவும் சுடரை நிற்க விடாது. ஆகவே மெழுகுவத்தியைச் சுற்றி உயரமான கண்ணாடிக் குடுவை கவிழ்த்தார்கள். சுவரில் பொருத்திய விளக்குத் தாங்கிகளுக்கும் அதே குடுவை. வெப்ப நாட்டு வீடுகளின் விளக்குக்கு ஒரு தனி முகவெட்டு இப்படித்தான் வந்தது. எண்ணெய் விளக்கில் வட்டத் திரியும் கண்ணாடிப் புகைபோக்கியும் வைத்து ஒளியைப் பலமடங்காக்கியவர் ஆர்கான் என்ற ஜெனிவாக்காரர், 1780-இல். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மண்ணெண்ணெய் விளக்கு வந்து எல்லா வீட்டுக்கும் வெளிச்சத்தைப் பொதுவாக்கிவிட்டது. ஆக, வீட்டில் பிரெஞ்சு ஒளி வேண்டும் என்றால் முதல் வேலை கூரை நடுவில் விளக்கை மாட்டுவதல்ல. கண்மட்டத்தில் சுவரில் இரண்டு விளக்கு, ஜோடியாக. நடுவே நெடிய கண்ணாடி ஒன்று, முடிந்தால் ஜன்னலுக்கு எதிரே. பல்புப் பெட்டியில் 6500 என்று போட்டிருந்தால் அது ஆஸ்பத்திரி வெள்ளை. 2700 என்று போட்டிருப்பது சுடருக்குக் கிட்டத்து மஞ்சள். சரவிளக்கு மாட்டியே தீர வேண்டும் என்றால், பழைய புதுவை வீடுகளின் கூரை உயரம் பதினான்கு, பதினைந்து அடி. நம் அடுக்கக வீட்டில் பத்து அடிகூட இருப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே, யாரும் நடக்காத இடத்தில் சிறியதாகத் தொங்கவிடலாம். கூடத்தின் நடுவே தொங்கினால் வருகிற விருந்தினர் எல்லாரும் தலைகுனிந்துதான் உள்ளே வர வேண்டியிருக்கும். இரும்புச் சட்டத்துக்கு மேல் முலாம் பூசியதை வாங்காதீர்கள். கடலோரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்காது. பித்தளை கறுக்கும், ஆனால் புளியிட்டுத் துலக்கினால் திரும்ப வரும். குத்துவிளக்குக்குச் செய்கிற வேலைதான்.

இனி கனமான ஆட்சேபணை ஒன்று. வெள்ளை நகரம் என்றும் கறுப்பு நகரம் என்றும் வாய்க்காலால் ஊரைப் பிரித்து வைத்தவர்களின் நாற்காலியை இன்று ஏன் கொண்டாட வேண்டும்? நீண்ட கைப்பிடியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளும் சாய்வு நாற்காலி, பங்கா இழுக்க ஓர் ஆளும் தண்ணீர் கொடுக்க ஓர் ஆளும் இருந்த வாழ்க்கையின் சாமான் இல்லையா? ஆம், அந்த வாழ்க்கையின் சாமான்தான். அதை மழுப்பி ‘அந்தக் காலத்து அழகு’ என்று மஞ்சள் சுண்ணாம்பு பூசி விற்கும் சுற்றுலாப் பிரசுரங்கள் மேல் எனக்கும் எரிச்சல் உண்டு. ஆனால் நாற்காலியை நிராகரிப்பதால் நிராகரிக்கப்படுவது யார்? அதில் சாய்ந்திருந்த துரையின் பெயர் ஆவணங்களில் இருக்கிறது. செய்த ஆசாரியின் பெயர் எங்கும் இல்லை. அவர் கையெழுத்து அந்த மூட்டிலும் செதுக்கலிலும் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மேலும் இந்தக் கலவை வெள்ளையர் தெருக்களோடு நின்றுவிடவும் இல்லை. வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் தெருவில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வீடுகள் மாடியில் பிரெஞ்சு ஜன்னல் திறந்தன. அந்தத் தெருவைப் பழைய முகத்தோடு மீட்டெடுத்ததற்கு யுனெஸ்கோ 2008-இல் விருதும் கொடுத்தது. தமிழ்க் குடும்பங்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், வேண்டாததை விட்டார்கள். நாமும் அந்தத் தெரிவு உரிமையோடு எடுத்துக்கொண்டால் ஆயிற்று. பொன்பூச்சு அரியாசனம் வாங்கிப் போடுவதுதான், என் கணக்கில், அரண்மனைக்குப் பணிந்துபோகிற காரியம்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஈட்டி மரச் சாமான் ஆசைப்படத் தக்கதுதான். ஆனால் தமிழ்நாட்டில் அந்த மரத்தைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே வந்தது, அதன் இனம் முழுவதும் 2017 முதல் உலக வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. புதிதாக ஈட்டியில் செய்து தருகிறேன் என்பவரிடம் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். நூறாண்டு கடந்த கலைப்பொருள் என்றால், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. பாரிசில் இருக்கும் மகளுக்குக் கப்பலில் அனுப்பலாம் என்று எண்ணி வாங்குவோர் கவனிக்க. ஆரோவில் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், காரைக்குடியிலும் பழைய மரச்சாமான் கிடைக்கும். அங்கே முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இருக்கைச் சட்டத்தைச் சுற்றித் துளையிட்டு அதன் வழியே ஒவ்வொரு இழையாகப் பின்னியிருந்தால் அது கைப்பின்னல். சட்டத்தில் பள்ளம் வெட்டி, தாளாகப் பின்னிய பிரம்பை அழுத்தி மேலே ஒரு குச்சி வைத்து ஒட்டியிருந்தால் அது இயந்திரப் பின்னல். தவறில்லை, விலை மட்டும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். சின்ன வீட்டுக்கு வளைந்த காலைவிடப் பதினாறாம் லூயியின் நேர்க்கால் பொருந்தும். இடத்தை அடைக்காது, தரை தெரியும். முழு செட் வேண்டியதே இல்லை. நல்ல நாற்காலி இரண்டு, சுவரோரம் ஒல்லியான மேசை ஒன்று, கண்ணாடி ஒன்று போதும். இதையெல்லாம் பழையதாகவே வாங்க வேண்டும் என்றும் இல்லை. அளவும் படமும் கொடுத்தால் ஊரில் இன்னும் நல்ல ஆசாரிகள் இருக்கிறார்கள், அவர்கள் பாட்டனார் செய்த வேலைதான்.

உட்காரக் கடினமாக இருக்கிறது, ஐந்தாண்டில் தொய்ந்துபோகிறது என்று பிரம்பின் மேல் குறை சொல்வார்கள். கடினத்துக்குக் கட்டி அவிழ்க்கும் மெத்தை இருக்கிறது. தொய்வுக்கு வைத்தியம் இன்னும் எளிது: பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நனைத்து, நிழலில் காயவிட்டால் இழை தானே இறுகிக்கொள்ளும். இழை அறுந்துவிட்டால்தான் பின்னுபவரைத் தேட வேண்டும். பார்வையற்றோருக்கான பயிற்சி நிலையங்களில் நெடுங்காலமாகக் கற்றுத்தரும் தொழில் அது, விரல்நுனியே கண். வெல்வெட் மெத்தை பாழானால் அடைப்பு, துணி, ஸ்பிரிங் எல்லாம் மாற்ற வேண்டும். மாற்றுகிற செலவில் பிரம்பு நாற்காலியை இரண்டு தலைமுறைக்குப் பின்னிக்கொண்டே இருக்கலாம்.

பாணி என்கிற பேச்சே இல்லாமல் இதே ஊரில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை 1930-களில் அன்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார். அங்கே தங்கி வேலையை நடத்தியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில் அமெரிக்காவின் பெரிய மரச்சாமான் கலைஞராகப் பேரெடுத்த அவர், அந்த விடுதிக்கான தேக்குச் சாமான்களையும் வடிவமைத்தார். அங்கே செதுக்கல் இல்லை, பொன் இல்லை, லூயி யாரும் இல்லை. சுவர் முழுவதும் திறந்து மூடும் சாய்பலகைகள். பழைய பிரெஞ்சு வீடுகளின் ஜன்னலில் மரத்தில் இருந்த அதே சாய்பலகை அடுக்கு. வெயிலை வெட்டி, காற்றை விட்டு, வெளிச்சத்தைக் கோடு கோடாகத் தரைக்கு அனுப்பும். துய்மா தெருவிலோ ரோமன் ரோலன் தெருவிலோ பழைய கூடம் ஒன்றில் பகல் பதினொரு மணிக்கு அந்தக் கோடுகள் சிவப்புத் தரையில் விழுந்து, பிரம்புப் பின்னலின் வழியே ஒழுகி, நாற்காலிக்கு அடியில் சின்னச் சின்ன எண்கோணங்களாகக் கிடக்கும். புது வீட்டில் நாற்காலி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய செலவு அந்த ஜன்னலுக்கானது.